லைக் டீச்சரின் குரூப்

தர்மபுரி மாவட்டத்திலேயே செல்போனால் உருப்பட்ட வகுப்பு ஒன்று உண்டென்றால், அது எங்கள் லைக் டீச்சரின் பத்தாம் வகுப்புதான். இத்தனைக்கும் அவருக்குப் போனை நேராகப் பிடிக்கக்கூடத் தெரியாது. அவர் எடுக்கும் வீடியோவில் பாதி நேரம் அவருடைய மூக்குத்திதான் தெரியும்.

கடத்தூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. நான் கணக்கு, அவர் அறிவியல். யாராவது சரியான பதில் சொன்னால் கட்டைவிரலைத் தூக்கி, "புடி, ஒரு லைக்கு!" என்பார். நோட்டிலும் சிவப்பு மையால் கட்டைவிரல் வரைவார். பார்ப்பதற்குக் கத்தரிக்காய் மாதிரி இருக்கும். அதற்கே பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள்.

பெற்றோர் எண்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினார். வீட்டில் நடக்கும் அறிவியலைப் பிள்ளைகள் ரீல்ஸ் மாதிரி எடுத்து, பேசி, அதில் போட வேண்டும். ஒருநாள் வீட்டுக்காரருக்குப் போக வேண்டிய செய்தி குரூப்புக்கு வந்துவிட்டது: 'பருப்பு ஊற வச்சீங்களா?' முப்பத்திரண்டு வீடுகளிலிருந்து பதில்: 'வச்சாச்சுங்க டீச்சர்.' அவர் அசரவில்லை. ஊறினால் பருப்பு ஏன் உப்புகிறது என்று மறுநாள் பாடமே நடத்திவிட்டார்.

தலைமையாசிரியருக்குத்தான் உதறல். "வம்பு வந்தா நாந்தானுங்க மேல பதில் சொல்லணும்."

"வர்றப்ப பாத்துக்கலாங்க சார்."

வந்தது. மங்கையின் அப்பா ரூபத்தில்.

மங்கைக்குத் திக்குவாய். வகுப்பில் எழுப்பினால் முதல் எழுத்திலேயே சிக்கிக்கொள்வாள். பின் பெஞ்சில் சிரிப்பு கிளம்பும். பத்தாவதோடு நின்றுவிடுகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். அவள் அப்பா தக்காளி ஏற்றும் வண்டி ஓட்டுபவர். வண்டியை நடுவாசலில் நிறுத்திவிட்டு நேராகத் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தார். கையெழுத்து வாங்கப் போயிருந்த நான் ஓரமாக நின்றேன்.

"எம் பொண்ண வீடியோ எடுக்கச் சொன்னீங்களாமே? பேச வராத புள்ளைய நாலு பேரு பாத்துச் சிரிக்கவா?"

தலைமையாசிரியர் தண்ணீர்ப் பாட்டிலைத் தேடினார். சத்தம் கேட்டு உள்ளே வந்த லைக் டீச்சர் போனை வழக்கம்போலத் தலைகீழாக நீட்டினார். நான்தான் நேராகத் திருப்பிக் கொடுத்தேன்.

வீடியோவில் மங்கை கொல்லையில் உட்கார்ந்து பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறாள். புளியில் இருக்கும் அமிலம் கறையை எப்படிக் கரைக்கிறது என்று சொல்கிறாள். ஓரிடத்தில் மட்டும் லேசாகத் தட்டியது. ஒரு மூச்சு எடுத்து, தொடர்ந்து, முடித்துவிட்டாள்.

அவள் அப்பாவின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இது... எங்க மங்கைங்களா?"

"பதினேழு வாட்டி எடுத்தாளுங்க. எத்தன வாட்டி தப்பு வந்தாலும் அழிச்சுட்டு மறுபடி எடுக்கலாம், ஒருத்தரும் பாக்க மாட்டாங்கன்னு சொன்னேன். நம்ம குரூப்ப தாண்டி வெளிய போவாதுங்க. அதையும் அவளக் கேட்டுக்கிட்டுதான் போட்டேன்."

"நான் வூட்டுல இருந்தா அவ வாயே தொறக்க மாட்டாளுங்க டீச்சர்," என்றார் அவர். பிறகு மெதுவாக, "இன்னொரு வாட்டி போடுங்க" என்றார்.

நான்கு முறை பார்த்தார். வெளியே, வழி கிடைக்காத ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் வகுப்பில், யாரும் எழுப்பாமலே மங்கை எழுந்து ஒரு கேள்விக்குப் பதில் சொன்னாள். ஒரே வாக்கியம்தான்; மூன்று நிமிடம் பிடித்தது. முடிகிறவரை டீச்சரின் கட்டைவிரல் இறங்கவே இல்லை. பின் பெஞ்சிலும் யாரும் சிரிக்கவில்லை. அவள் இப்போது பதினொன்றாவதில் அறிவியல் பிரிவு.

இந்த ஜூனில் டீச்சருக்குக் கம்பைநல்லூர்ப் பக்கம் மாறுதல் வந்துவிட்டது. குரூப்புக்கு நான்தான் இப்போது அட்மின். மாறிப்போனவர்கள் பெயரை எடுத்துவிட வேண்டும் என்பது தலைமையாசிரியரின் கட்டளை. திங்கள்தோறும் கேட்கிறார்.

"அவங்கள எடுத்துட்டீங்களா சார்?"

"நெட்டே கெடைக்கலீங்க சார்," என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.