நான் வைரஸ் எடுக்கப் போன விஜயதசமி

ஒவ்வொரு குடும்பத்திலும் 'கம்ப்யூட்டர் தெரிந்தவர்' என்று ஒருவர் இருப்பார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பதற்கு ஒரே ஆதாரம், மற்றவர்களுக்கு அவரைவிடக் குறைவாகத் தெரியும் என்பதுதான். இந்தப் பதவிக்குத் தேர்வு கிடையாது, பதவிப்பிரமாணம் கிடையாது, ஓய்வு பெறும் வயதும் கிடையாது. பறிபோவதற்கு மட்டும் வழி உண்டு. எனக்கு அது ஒரு விஜயதசமி காலையில் பறிபோனது.

பதவி வந்ததே ஒரு விபத்து. என் மனைவி செல்வியின் அண்ணன் துலுக்காணம் வீட்டில் ஒருநாள் பிரிண்டர் படுத்துவிட்டது. வீடே அதைச் சுற்றி நின்று துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தது. நான் ஒயரைக் கழற்றினேன். மறுபடி மாட்டினேன். ஓடியது. அவ்வளவுதான் என் கல்வித் தகுதி. "மாப்ள கைய வெச்சா மிசினு பேசுது" என்று மச்சான் திருக்கழுக்குன்றம் வரைக்கும் சொல்லி வைத்துவிட்டார். மறுக்கலாம் என்று நினைத்தேன். (நினைத்ததோடு சரி.)

நானோ அச்சில் வந்ததையெல்லாம் படிக்கிற ஆசாமி. நாளிதழ் இணைப்புகளில் வைரஸ் பற்றி வந்த கட்டுரை ஒன்றையும் விட்டதில்லை. கேமரா வழியாக வீட்டை வேவு பார்ப்பது, கோப்புகளைப் பூட்டிவிட்டு மிரட்டுவது என்று அவற்றின் குணாதிசயங்களெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு வைரஸைக்கூட நேரில் பார்த்ததில்லை என்பதுதான் குறை.

மச்சான் வீடு, திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. நிலத்தில் பாதி மனைகளாகிவிட்ட பிறகு அவர் 'குட்டி யானை' என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றை வாங்கி, மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களிலிருந்து பிள்ளையார்களையும் புத்தர்களையும் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்துக்கொண்டிருக்கிறார். ஆயுத பூஜை அங்கே பெரிய விசேஷம். ஊரப்பாக்கத்திலிருந்து நாங்கள் வருஷா வருஷம் போய்விடுவோம். (முதல் நாள் பொரி, மறுநாள் மட்டன். போவது மறுநாளுக்காக.)

பூஜைக்கு வைக்கிற சாமானுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைப்பது மச்சானின் மனைவி கன்னியம்மாவின் இலாகா. அதில் அவருக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. ஆயுதம் எதுவானாலும் அதற்கு ஒரு நெற்றி இருக்கும். அதைக் கண்டுபிடித்துத்தான் பொட்டு வைக்க வேண்டும். வண்டிக்கு முன்கண்ணாடியின் நடு. மிக்ஸிக்கு மூடி. மண்வெட்டிக்குக் காம்புக்குக் கீழே. அந்த வருஷம் புதிதாக வரிசையில் திறந்தபடி உட்கார்ந்திருந்த லேப்டாப்புக்கு, திரைக்கு மேலே, சரியாக நடுவில். நல்ல கெட்டிச் சந்தனம், அதன்மேல் குங்குமம். மறுநாள் காலை மறுபூஜை முடிகிறவரை அதை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு.

லேப்டாப் மச்சானின் மகள் நந்தினியுடையது. மறுநாள் பதினொரு மணிக்கு அவளுக்கு அதில்தான் நேர்காணல். (முதலாளி அமெரிக்காவில் இருக்கிறார், விஜயதசமியெல்லாம் அவருக்குக் கிடையாது.) பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனம், அங்குள்ளவர்களின் கம்ப்யூட்டர்களில் திருட்டு நுழையாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. கடைசிச் சுற்று. முந்தைய சுற்றில் யாரோ ஆள் வைத்துப் பதில் சொன்னதால், கேமராவில் முகம் தெரியாவிட்டால் நேர்காணலே இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். இது தவறினால் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு வரன் தயாராக இருந்தது. பையன் நல்லவன்தான். நந்தினிக்கு வேண்டியது வேலை.

விஜயதசமி காலை, கற்பூரம் காட்டிவிட்டு, "இப்ப எடுத்துக்கடி" என்று கன்னியம்மா அனுமதி தந்தார். நந்தினி லேப்டாப்பை ஆன் பண்ணிக் கேமராவைப் போட்டாள். திரையில் முகம் இல்லை. செக்கச்செவேலென்று ஓர் இருட்டு.

"மாமா, இன்னாமோ மாதிரி வருது."

நான் நாஸ்தாவை முடித்துவிட்டுத் துண்டால் கை துடைத்தபடி எழுந்து வந்த விதத்தை, ஒரு மூத்த அறுவைச் சிகிச்சை நிபுணர் பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார். நாற்காலியைக் காலி பண்ணிக் கொடுத்தார்கள். நான் திரையைக் கூர்ந்து பார்த்தேன். என் வாழ்நாளெல்லாம் காத்திருந்த கணம்.

"வைரஸ்" என்றேன்.

"ஐயையோ" என்றார் கன்னியம்மா.

"கேமரா லென்ஸைத் தொடச்சுப் பாக்கலாமா மாமா?" என்று நந்தினி கேட்டாள்.

"இது தொடைக்கிற கேஸ் இல்லம்மா. கேமராவைப் பிடிக்கிற ரகம் இருக்கு. நான் படிச்சிருக்கேன்."

"அப்பாவோட ஃபோன்ல பேசிடட்டுமா? நேரம் இருக்கு, செட் பண்ணிடலாம்."

"ஃபோன்லயா? மரியாதையா இருக்காது. பத்து நிமிஷம் குடு."

"மாப்ள சொல்றாருல்ல, சும்மா இரு" என்றார் மச்சான். "வைரஸ் எத்தினி பார்த்திருக்காரு."

நான் திருத்தவில்லை.

இணையத்தில் தேடினேன். முதலில் வந்ததை அமுக்கினேன். (முதலில் வருவது நல்லதாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. பந்தியில் உட்காருகிறவன் புத்தி.) பச்சைக் கேடயமும், ஓயாமல் பெருக்கிக்கொண்டிருக்கும் ஒரு துடைப்பமுமாக, வைரஸ் நீக்கும் இலவச மென்பொருள் ஒன்று வந்தது. அதைப் போடவா என்று லேப்டாப் கேட்டது. போடு என்றேன். இதை யார் செய்தார்கள் என்று தெரியவில்லையே, நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. நிச்சயமாக என்றேன். உங்கள் கம்ப்யூட்டரின் காவலை நிறுத்த வேண்டும், சம்மதமா என்றது. ஊரில் இத்தனை பணிவாக யாரும் என்னிடம் சம்மதம் கேட்டதில்லை. மறுக்க மனம் வரவில்லை. நடுவில் ஒரு குறியீட்டு எண் அனுப்புவதாகச் சொன்னதால், என் மின்னஞ்சலையும் அதிலேயே கடவுச்சொல் போட்டுத் திறந்தேன்.

"மாமா, காவலை எதுக்கு நிறுத்தச் சொல்லுது?" என்றாள் நந்தினி, என் தோளுக்குப் பின்னாலிருந்து.

"டாக்டர் வந்தா வாட்ச்மேன் வழி விடணும்லம்மா."

இந்த உவமை என்னுடையது. அப்போது நன்றாக இருந்தது.

துடைப்பம் பெருக்கி முடித்தது. நூற்றுக்கணக்கில் வைரஸ் இருப்பதாகச் சிவப்பில் ஒரு பட்டியல் ஓடியது. "பார்த்தீங்களா!" என்று பெருமையோடு திரும்பினேன். திரும்பிய நேரத்தில் சைரன் ஒலித்தது. லேப்டாப்புக்குள்ளிருந்து ஒரு பெண் ஆங்கிலத்தில் அலற ஆரம்பித்தாள். ஒரு ஜன்னல் திறந்து ரம்மி ஆடக் கூப்பிட்டது. இன்னொன்றில், பூஜைக்கு மறுநாள் காலையில் குடும்பத்தோடு பார்க்கத் தகாத உடையில் ஒரு வெள்ளைக்காரி, என் தொப்பையைக் குறைத்துத் தருவதாகச் சொன்னாள். நான் ஒன்றை மூடினால் மூன்று திறந்தன.

"இன்னா மாப்ள, ஆம்புலன்சு வந்துகினு கீதா?" என்று மச்சான் வாசலை எட்டிப் பார்த்தார்.

கன்னியம்மா ஓர் எலுமிச்சம்பழத்தோடு வந்து லேப்டாப்பைச் சுற்றத் தொடங்கினார். செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாண ஆல்பத்தில் அவளுக்கு அதே பார்வைதான். அப்போது நான் கவனிக்கவில்லை.

திரையில் பெரிதாக ஓர் எண். உடனே கூப்பிடவும் என்றிருந்தது. கூப்பிட்டேன்.

எடுத்தவன் தங்கமான மனிதன். ஆங்கிலத்தில் 'சார், சார்' என்று உருகினான். பதறாதீர்கள், நாங்கள் இருக்கிறோம் என்றான். அவன் சொன்ன இன்னொரு மென்பொருளையும் போட்டேன். கொஞ்ச நேரத்தில் திரையில் அம்புக்குறி தானாக நகரத் தொடங்கியது.

"தோ பாரு!" மச்சான் பரவசமானார். "மாப்ள கை வெக்கவே இல்ல, அதுவா ஓடுது! எங்கயோ குந்திகினு சரி பண்றான் பாரு!"

அம்புக்குறி சாவகாசமாக நந்தினியின் கோப்புகளைத் திறந்து பார்த்தது. பிறகு திறந்துகிடந்த என் மின்னஞ்சலுக்குள் போனது. மளிகைக் கடையில் சரக்கு விசாரிக்கிறவன் மாதிரி மேலும் கீழும் உலாவியது.

நந்தினி சுவரில் இருந்த வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். லேப்டாப்பின் பொத்தானை விடாமல் அழுத்தினாள். என் கையிலிருந்த ஃபோனை வாங்கி, "தேங்க்யூ சார்" என்று சொல்லி வைத்தாள். சைரன் நின்றது. அந்த நிசப்தத்தில் சமையலறையில் குக்கர் ஒரு விசில் விட்டது.

கன்னியம்மா எலுமிச்சையோடு கிட்டே வந்து, அணைந்த திரையைத் தடவிப் பார்த்தார். "நல்ல வேள, பொட்டு அழியல" என்றார்.

எல்லோரும் பொட்டைப் பார்த்தோம். திரைக்கு மேலே, சரியாக நடுவில்.

நந்தினி கட்டைவிரல் நகத்தால் மெதுவாகச் சுரண்டினாள். காய்ந்த சந்தனம் ஒரு சில்லாக உதிர்ந்தது. உள்ளிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் கண் என்னைப் பார்த்தது.

"நெத்தின்னு நெனச்சேன்டி. கண்ணா அது?" என்றார் கன்னியம்மா.

எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. "தொழில்நுட்ப ரீதியா பார்த்தா..." என்று ஆரம்பித்தேன். செல்வி, வாசலில் பொரி கொத்திக்கொண்டிருந்த கோழியைக் காட்டி, "நீங்க போய் அந்தக் கோழிய வெரட்டுங்க" என்றாள்.

மணி பத்தே முக்கால். லேப்டாப்பையும் வைஃபையையும் இனி நம்ப முடியாது. மச்சானின் ஃபோன்தான் கதி. வீட்டுக்குள் பேச்சுக்கு மட்டும்தான் சிக்னல் வரும், படம் நிற்காது. குட்டி யானை நிற்கிற இடத்தில்தான் நிற்கும். ஆகவே நந்தினி வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்குக்கு மேலிருந்த தாங்கியில் ஃபோனைச் சொருகினாள். தலைக்கு மேலே சாமந்தி மாலை. ஜன்னல் ஓரமாக வாழைக்கன்றின் இலை காற்றில் ஆடி உள்ளே வந்து வந்து எட்டிப் பார்த்தது. கோழி விரட்டும் சாக்கில் வண்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அவள் முகத்தைப் பார்க்கத் திராணியில்லை.

ஃபோனில் ஒரு பெண்ணின் குரல். முதலில் ஆங்கிலம். கொஞ்ச நேரத்திலேயே, "எங்கம்மா உட்கார்ந்திருக்கே? பின்னாடி மாலையெல்லாம் தெரியுது?" என்று தமிழுக்கு வந்துவிட்டது.

"வண்டிக்குள்ள மேடம். வூட்ல, வீட்ல லேப்டாப் போயிடுச்சு."

"எப்படிப் போச்சு?"

நந்தினி சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். ஆனால் 'மாமா' என்ற சொல்லே வரவில்லை. 'யூசர்' என்றாள். யூசர் சோதித்துப் பார்க்காமலே வைரஸ் என்று முடிவு செய்தார். யூசர் விளம்பரத்தை அமுக்கினார். யூசர் காவலை நிறுத்தினார். யூசரே அவர்களுக்கு ஃபோன் போட்டார். கேட்கக் கேட்க எனக்கே அந்த யூசர் மேல் வெறுப்பு வந்தது.

"அந்த யூசர் படிச்சவரா?"

"நிறைய படிப்பார் மேடம்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். ஒருவருக்கு மேல் இருந்தார்கள் போல.

"சரி, உங்க கையில அதிகாரம் இருந்தா அந்த ஆளை என்ன பண்ணுவீங்க?"

கல்பாக்கம் போகிற பேருந்து ஒன்று மெயின் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நந்தினி அது போகட்டும் என்று காத்திருந்தாள்.

"திட்ட மாட்டேன் மேடம். திட்டினா அடுத்த தடவ ஏதாவது நடந்தா வெளிய சொல்லாம மறச்சிடுவார். அது இதவிட ஆபத்து. அவர் நல்லது பண்ணணும்னுதான் உக்காந்தார். அதனால பொறுமையா சொல்லித் தருவேன். மொதல்ல, அந்த லேப்டாப்ல அவர் திறந்த மெயிலோட பாஸ்வேர்ட, வேற ஒரு மிசின்லேருந்து உடனே மாத்தச் சொல்வேன். இன்னும் மாத்தியிருக்க மாட்டார்."

நான் வண்டிக்குப் பின்னால் நின்றபடியே என் ஃபோனை எடுத்து மாற்றத் தொடங்கினேன். கண் மங்கலாக இருந்ததால் இரண்டு தடவை தப்பாக அடித்தேன். (கோழி விரட்டியதில் தூசி.)

வேலை கிடைத்தது. சிங்கப்பெருமாள் கோயில் வரனுக்கு வேறு இடத்தில் பெண் கிடைத்து, நாங்கள் எல்லோரும் போய் மொய் எழுதிவிட்டு வந்தோம். நந்தினியின் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு 'ஒரு யூசரின் கதை' என்று அவள் வகுப்பெடுக்கிறாளாம். நன்றாகச் சிரிக்கிறார்களாம். என்னை இன்றுவரை அவள் திட்டியதில்லை. அந்தக் குறையைச் செல்வி தீர்த்துவைக்கிறாள்.

ஆனால் குடும்பம் என்னை முழுக்க ஓய்வு பெற விடவில்லை. வேறு பதவி கொடுத்திருக்கிறது. போன வாரம்கூட மச்சான் கூப்பிட்டார்.

"மாப்ள, ஒரு மெசேஜு வந்துகீது. இன்னிக்கு ராவோட கரண்ட் கட் பண்ணிடுவாங்களாம், கீழ கீற நீல எழுத்த அமுக்கணுமாம். உனக்கும் அனுப்பிகீறேன். பாத்தியா?"

"பார்த்தேன் மச்சான்."

"பாத்தா உனக்கு இன்னா தோணுது?"

மறைக்காமல் சொன்னேன். "உடனே அமுக்கணும்னு தோணுது."

"செரி மாப்ள" என்றார். ஃபோனை வைக்க மறந்துவிட்டார் போல, அந்தப் பக்கம் கன்னியம்மா, "இன்னா சொன்னாரு?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"அமுக்கணும்ன்றாரு. அழிச்சிடு."