காட்டுவதற்கென்றே ஒரு குப்பி

நல்ல பொருள் எது கையில் கிடைத்தாலும், அதை உபயோகிக்காமல் பத்திரப்படுத்துகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. தாம்பரத்தில் பஸ் ஏறிச் சேலையூரில் இறங்குவதற்குள் அவர்களில் நாலைந்து பேரையாவது நீங்கள் இடித்திருப்பீர்கள். அந்த இனத்தின் உயர்ந்த ரகம் வேதசிரோமணி சார். கேம்ப் ரோடு பக்கத்துக் கல்லூரி ஒன்றில் உயிர்வேதியியல் பேராசிரியர். அவர் வீட்டு ஷோகேஸில் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகள் இன்னும் சோற்றின் முகம் பார்த்ததில்லை. எவர்சில்வர் தட்டில் பரிமாறும்போதெல்லாம் மனைவி ஜோசலின் ஷோகேஸை ஒரு பார்வை பார்ப்பார். சார் குழம்பைப் பார்ப்பார்.

அப்பேர்ப்பட்டவரின் ஆய்வகத்துக்கு ஒரு குப்பி வந்தது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களில் இருக்கிற ஒரு புரதம். யார் கையிலும் ஊசி குத்தாமல், மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தித் தயாரித்தது. சாரின் மாணவி ஜென்சியின் முனைவர் பட்டமே அந்தக் குப்பிக்குள்தான் இருந்தது.

பொடியாக வரும் அதைக் கரைத்த அன்றே சின்னச் சின்னக் குழாய்களில் பங்கிட்டு உறையவைக்க வேண்டும், உருக்கி உருக்கி உறையவைத்தால் புரதம் கெட்டுவிடும் என்பது முதலாண்டுப் பாடம். அந்தப் பாடத்தை நடத்துகிறவரும் சார்தான்.

“பங்கு போட்டுடலாமா சார்?” என்றாள் ஜென்சி.

“ஒவ்வொரு ட்யூப்லயும் கொஞ்சம் ஒட்டிக்கும்மா. வேஸ்ட். அப்படியே இருக்கட்டும்.”

இருந்ததா? துறைத்தலைவர் வந்தாலும், பம்மலிலிருந்து மைத்துனர் ஆபேல் தன் பிள்ளைக்கு அட்மிஷன் கேட்டு வந்தாலும், ஏசி ரிப்பேருக்கு ஆள் வந்தாலும், சார் ஃப்ரீசரைத் திறந்து, குப்பியை எடுத்து, லேபிளில் படிந்த பனியைக் கட்டைவிரலால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “இது மனுஷப் புரோட்டீன், ஆனா மனுஷன்கிட்டேர்ந்து எடுக்கல” என்று ஆரம்பித்து, உள்ளங்கைச் சூட்டில் அது முழுக்க உருகும்வரை விளக்கிவிட்டு, பத்திரமாக மறுபடி உள்ளே வைப்பார். வந்தவர்கள் மெச்சுவார்கள். ஜென்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஆய்வேட்டைக் கொடுக்கும் தேதி நெருங்கியபோது சார் ஒருவழியாக மனமிரங்கினார். உறையாமலிருக்க மருந்து கலந்த ரத்தத்தில் இந்தப் புரதத்தைச் சேர்த்தால், அது மருந்தை முறித்து ரத்தம் உறைய வேண்டும். ஜென்சி சேர்த்தாள். காத்திருந்தாள். குழாயைச் சாய்த்தாள். ரத்தம் ஜோராக ஓடியது.

“கம்பெனிக்கு கம்ப்ளெயின்ட் எழுதலாமா?” என்றார் சார், ஈனக்குரலில்.

“எழுதலாம் சார். எத்தனை தடவை உருக்கினீங்கன்னு கேப்பாங்க.”

சாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணின் ஒரு வருஷத்தைத் தன் உள்ளங்கையிலேயே உருக்கிவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது.

“இதையே பரீட்சையில கேட்டிருந்தா எனக்கு நானே ஃபெயில் போட்டிருப்பேன்மா” என்றார்.

அலைந்து திரிந்து புதுக் குப்பி வரவழைத்தார். ஃப்ரீசர் சாவியையும் ஜென்சியிடமே கொடுத்துவிட்டார். அவள் அன்றைக்கே பங்கிட்டு முடித்தாள்.

“காலிக் குப்பியைத் தூக்கிப் போட்டுடாதம்மா.”

“எதுக்கு சார்?”

“வர்றவங்களுக்குக் காட்டணுமே.”

ஜென்சி அதில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தாள். இப்போதும் சார் அதைத் தூக்கிப் பிடிக்கிறார், பார்த்தவர்கள் அதே மாதிரி மெச்சுகிறார்கள்.

சிரித்து முடித்துவிட்டீர்களா? நல்லது. விருந்தாளிக்கென்று பீரோவின் மேல்தட்டில் ஒரு பெட்ஷீட் வைத்திருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். மடிப்பில் கிழியாமல் இருந்தால், இன்றைக்கு நீங்களே அதில் படுத்துக்கொள்ளுங்கள்.