ஒரு வீடு, இரண்டு அடுப்பு

ஆட்சிக்கு வந்தால் குடும்பம் ஒன்றுக்கு ஒரு வாஷிங் மெஷின் வழங்கப்படும் என்று திருப்போரூர் பொதுக்கூட்டத்தில் எதிர்க்கட்சி அறிவித்தது. குழந்தை பிறந்ததிலிருந்து ஈரத்துணிகளுக்கு நடுவே வாழும் நானும் கைதட்டினேன்.

ஆனால் குடும்பம் என்றால் என்ன என்று கட்சி சொல்லவில்லை. அந்தப் பொறுப்பைப் பூத் கமிட்டி சீனு தாமாக முன்வந்து ஏற்றுக்கொண்டார்.

"சிம்பிள்க்கா. ரேஷன் கார்டு பிரிக்க இன்னா பாப்பாங்க? அடுப்பு! வூட்ல ரெண்டு அடுப்பு கீதுன்னா, ரெண்டு குடும்பம். ரெண்டு மெஷின்."

மாலைக்குள் கடைத்தெருவில் ஸ்டவ் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கவியாவும் அவள் கணவரும் ஆளுக்கொரு அடுப்பு வாங்கினார்கள். தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட வெளுக்கவில்லை. எங்கள் வீட்டில் என் மாமியார் பார்வதம் இண்டக்‌ஷன் அடுப்போடு மொட்டைமாடி அறைக்குக் குடிபோனார்.

"போகத்தான் வேணுமா அத்தை?" என்று நான் படிவரை பின்னாலேயே போனேன். குழந்தை இருமினாலே நான் டாக்டருக்குப் போன் செய்வேன். அவன் அழ ஆரம்பித்தால் அத்தை தோளில் போட்டால்தான் ஓய்வான்.

"எதுக்குப் பயப்படறே? கூப்பிட்டா இறங்கி வரப்போறேன். நடுவுல படிதானே இருக்கு?" என்றார் அத்தை.

மறுநாள் சீனு ஆய்வுக்கு எழுந்தருளினார். என் கணவர் ராகவன் கீழே இட்லியை வாங்கி, மேலே போய்ச் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தது கடும் ஆட்சேபத்துக்கு உள்ளானது.

"அண்ணன் எந்தக் குடும்பம்?"

"ஷிஃப்ட் முறையில" என்றார் ஐ.டி. ஊழியரான ராகவன்.

"இதெல்லாம் செல்லாதுக்கா. நாளைக்கு அதிகாரி வந்து கேட்டா தெருவே சாட்சி சொல்லணும். ஒரு சண்டையாவது போட்டிருக்கீங்களா?"

இல்லை. கான்வென்டில் அதைச் சொல்லித்தரவில்லை. ஆனாலும் வாசலில் நின்று மாடியைப் பார்த்து, "அத்தை, நீங்க செய்யறது கொஞ்சங்கூட நல்லா இல்ல, ப்ளீஸ்" என்றேன்.

எதிர்வீட்டுச் சந்திரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாமே, லீவ் லெட்டர் படிக்கிற? அவங்க சமையலைச் சொல்லு!"

"உங்க சாம்பார்ல உப்பே இல்ல!"

அத்தை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தொடங்கினார். "சொல்ல வந்துட்டா! புள்ளையக் குளிப்பாட்டத் தெரியாது, தூங்க வைக்கத் தெரியாது, தும்மினா டாக்டர்! பெத்தா மட்டும் போதுமா?"

சும்மா நடிப்புக்குச் சொன்னது போல இல்லை. ரொம்ப நாளாக உள்ளே தயாராக இருந்தது போல இருந்தது.

எனக்கும் தமிழ் வந்துவிட்டது. என்ன சொன்னேன் என்று எழுதக் கூசுகிறது. சந்திரம்மாவே காதைப் பொத்திக்கொண்டார். "தனிக்குடித்தனம் ஐயமின்றி நிரூபணமாகியுள்ளது!" என்று சீனு மேடைத் தமிழில் அறிவித்தார்.

போட்ட கூச்சலில் குழந்தை விழித்து வீறிட்டான். நான் தூக்கினேன், தட்டினேன், ஆட்டினேன். அவன் இன்னும் அலறினான். அத்தை தடதடவென்று கடைசிப் படிவரை இறங்கி வந்துவிட்டார்.

சீனு குறுக்கே கை நீட்டினார். "பெரிம்மா! தெருவே பாக்குது. அது பக்கத்துக் குடும்பத்துப் புள்ள."

அத்தை நின்றார். குழந்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் இரண்டடி எடுத்துவைத்து அவரிடம் கொடுத்திருக்கலாம்.

"மெஷின் வரட்டும்டா கண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் படியேறினார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தேர்தல் தேதி இன்னும் அறிவிக்கப்படவில்லை.