அக்கா போடாத கையெழுத்து

பாகப்பிரிவினைப் பத்திரம் மூன்றாவது முறையும் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்திருந்தது. இந்தத் தடவை உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

வக்கீல் அதை மேசைமேல் போட்டுவிட்டு வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தாறு வருஷமாக, எந்தக் கடை யாருடையது, எந்தக் கிடங்கு யாருடையது என்று வங்கிகளுக்குப் பார்த்துச் சொன்ன மனிதர். அவர் 'சரி' என்று எழுதினால்தான் கடன் நகரும். அவர் எழுதிய பத்திரம் ஒன்றுகூட நீதிமன்றத்தில் தலைகுனிந்ததில்லை. மாதக் கடைசியோடு ஓய்வு. அதற்குள், அப்பா விட்டுப்போன நான்கு கடைக் கட்டடத்தை அக்காவோடு பிரித்துக்கொண்டால் நிம்மதி.

"ஆள் மூலமா அனுப்பாம நீங்களே போயிருக்கலாம்," என்றாள் மனைவி, அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி.

"நேர்ல போனா பேச்சு வளரும். எழுத்துன்னா தெளிவா இருக்கும்."

எழுத்து தெளிவாகத்தான் இருந்தது. முதல் பத்திரம் போன அன்றைக்கே அக்கா ஃபோன் செய்தாள்.

"என்னடா இது, கூடப் பிறந்தவளை 'இரண்டாம் தரப்பு'ன்னு எழுதியிருக்கே?"

அக்காவை முதல் தரப்பாக்கினார். கையோடு, பிற்காலத்தில் தகராறு வந்தால் நடுவர் ஒருவரை வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பத்தியும் சேர்த்தார்.

"ஓ, நாம அடிச்சுக்குவோம்னு நீயே முடிவு பண்ணிட்டியா?" என்றாள் அக்கா.

மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினார். உருக்கமாகவே எழுதினார். ஆனால் கை பழகிப்போன கை. 'இக்கடிதம் எனது சட்ட உரிமைகளுக்குப் பாதகமின்றி எழுதப்படுகிறது' என்று அதுவாகவே முடித்துவிட்டது. அதற்குப் பிறகு அக்கா ஃபோனை எடுக்கவில்லை. அடுத்து அனுப்பிய உறைதான் இது.

வேறு வழியில்லாமல் நேரிலேயே போனார். அக்கா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ரோட்டைப் பாத்த கடை ரெண்டையும் உனக்கே எழுதியிருக்கேன்க்கா. இதுக்கு மேல என்ன வேணும்?"

"எனக்கு எதுக்குடா?"

"அப்போ கையெழுத்துப் போடு."

"நான் போட்டா அது செல்லாதுடா."

"எனக்கே சட்டம் சொல்லித் தர்றியா?"

அக்கா ஈரத் துணியை உதறினாள். "அப்பா நாலு வருஷம் உன் வீட்டுல படுக்கையில கிடந்தாரு. அவரை யார் தூக்கி உட்கார வெச்சா, யார் துடைச்சு விட்டான்னு உன் பத்திரத்துல எந்தப் பக்கத்துல இருக்கு?"

அவருக்குச் சுருக்கென்றது. "நீ ஞாயித்துக்கிழமை மட்டும்தானே வந்தே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்காவின் கண் கலங்கியது.

"ஆமாடா," என்றாள். "நான் ஞாயித்துக்கிழமைதான் வந்தேன். நீ அதுகூட இல்ல."

வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அவர் ஈரத் துணிகளுக்கு நடுவே தனியாக நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் வழக்குப் போடப்போவதாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். அறுபது வருஷ அக்கா.

மனைவி தட்டை வைத்தாள். "கேஸ் போடறதுக்கு முன்னாடி வில்லங்கம் போட்டுப் பாத்துடுங்களேன்."

"நம்ம கட்டடத்துக்கா? அப்பாகிட்ட இருந்து நேரா எங்க ரெண்டு பேருக்கு. நடுவுல யார் கைக்கும் மாறல. அதுல என்ன வில்லங்கம் வந்துடப்போகுது?"

"ஊர்ல உள்ள கட்டடத்துக்கெல்லாம் பாக்கறீங்க," என்றாள் அவள். "சாப்பிடுங்க."

வழக்குக்கு எப்படியும் வில்லங்கச் சான்று தேவை. மறுநாள் காலை பதிவு அலுவலகத்தில் போய் நின்றார். குமாஸ்தா அவரை இருபது வருஷமாக அறிந்தவர். நாற்காலி போட்டு உட்காரவைத்து, விவரம் தட்டி, திரையைப் பார்த்தார். பிறகு வக்கீலைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"கேஸுக்குன்னு சொன்னீங்களே, யார் மேல சார்?"

"அக்கா மேல." வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். "பங்கு பிரிக்க ஒத்துவர மாட்டேங்கிறா."

குமாஸ்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அவங்க எப்படி சார் ஒத்துவருவாங்க? தன் பங்கை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே உங்க வீட்டம்மா பேருக்குத் தானமா எழுதிக் குடுத்துட்டாங்களே!"