அது எந்த வகைக் குப்பை?

"எடுக்க இயலாது" என்று அச்சடித்த சிவப்புச் சீட்டை அதன் நெற்றியில் ஒட்டிவிட்டு, இகராஷி குப்பை வண்டியின் பின்படியில் தாவி ஏறிக்கொண்டான். குசுமி செருப்பு கூடச் சரியாக மாட்டாமல் ஓடி வந்தார்.

"தம்பி, நில்லுங்க! இதை ஏன் விட்டுட்டுப் போறீங்க?"

"இன்னிக்கு எரியற குப்பை நாள், குசுமி சான். இது எரியுமா?"

குசுமி அதைப் பார்த்தார். முழங்கால் உயரம். கனமான இரும்புத் தகட்டின் மேல் இரண்டு குழாய்கள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. முதுகுப் பக்கம் வளைந்த கை ஒன்று எதையோ பிடிக்கப் போவதுபோல் நீட்டிக்கொண்டிருந்தது. கீழே தடித்த கறுப்பு ரப்பர், நாக்கு மாதிரி தொங்கியது.

"எரியாதுதான். ஆனா, இது என்னது?"

"அதைக் கண்டுபிடிக்கறது எங்க வேலை இல்லீங்களே!" என்று இகராஷி கத்தியது தெரு முனையிலிருந்து கேட்டது.

குசுமி நோபுஹிரோ கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இந்த வருடம் அவர் வரிசை வீடுகள் குப்பை வைக்கும் மேடையின் பொறுப்பு சுழன்று சுழன்று அவர் வீட்டில் வந்து நின்றிருந்தது. காலையில் பைகளைக் காக்கை கிளறாமலிருக்க வலையை விரிக்க வேண்டும், வண்டி போனதும் மடித்து வைக்க வேண்டும், ஏதாவது மிஞ்சினால் அதற்கு வழி பார்க்க வேண்டும். மற்ற வருடங்களில் இது பெரிய விஷயமே இல்லை. ஆனால் குப்பை அள்ளும் செலவு கட்டுப்படியாகவில்லை என்று நகராட்சி மேடைகளைக் குறைத்துக்கொண்டு வந்தது. அடிக்கடி சிவப்புச் சீட்டு வாங்குகிற மேடையை மூடிவிட்டு, மேட்டுத்தெரு மேடையோடு சேர்த்துவிடுவார்களாம். மேட்டுத்தெருவுக்கு ஏறும் சரிவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதே கஷ்டம். இந்த வரிசையிலோ முழங்கால் நன்றாக இருப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

"போன வருஷம் என் கையில இருந்தப்ப ஒரு சீட்டு ஒட்டினது கிடையாது" என்றார் எதிர்வீட்டு திருமதி வகுயி, வாசலைப் பெருக்கியபடியே. "உங்க கைக்கு வந்ததும் சிவப்பா பூக்க ஆரம்பிச்சிடுச்சு."

"இது உங்க வீட்டுதா, வகுயி சான்?"

"என் வீட்டுலயா? எனக்கு அது என்னன்னே தெரியாது!"

அன்று மாலைக்குள் குசுமி வீடு வீடாகக் கேட்டுப் பார்த்துவிட்டார். ஒருவருடையதும் இல்லை. தெரியாது என்று சொன்ன எல்லோரும், சொன்ன கையோடு மேடைக்குப் போய் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

உலோகக் குப்பை நாள் வந்தது. குசுமி விடியலிலேயே அதை நடுநாயகமாக வைத்துக் காத்திருந்தார்.

"உலோகம்தான், சரி" என்றான் இகராஷி. "ஆனா ரப்பர் இருக்கே."

"அது இதோடயே ஒட்டிக்கிட்டு வந்தது தம்பி."

"பிரிச்சுப் போடணும்னுதானே புத்தகம் போட்டு வீட்டுக்கு வீடு குடுத்திருக்கு." இன்னொரு சீட்டை ஒட்டினான்.

அடுத்த உலோக நாளுக்குள் குசுமி ரம்பம் வாங்கி வந்து, பாதி நாள் போராடி, நாக்கை அறுத்தார். ரப்பரை எரியாத குப்பைப் பையில் போட்டு வைத்தார். இரும்பைத் துடைத்து உலோகக் குப்பையில் வைத்தார். ரப்பரில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது என்று ஒரு சீட்டு ஒட்டினார்கள். இரும்பு அளவுக்கு மீறி நீளம் என்று இன்னொரு சீட்டு.

"முன்ன ஒரு சாமான்தான் வீட்டுக்குத் திரும்பி வந்துச்சு" என்றாள் மனைவி சடாயோ. "இப்ப ரெண்டு வருது. நல்ல முன்னேற்றம்தான்."

பிசுக்கைப் போக்க அவர் ரப்பரைக் குளியல் தொட்டியில் ஊற வைத்தார். அதன் பிறகு சடாயோ இரண்டு நாள் பொதுக் குளியலகத்துக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தாள். ரப்பர் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. இரும்பு மட்டும் வாசலில் நின்றது.

"பெரிய சாமான் பிரிவுக்குப் போன் பண்ணுங்களேன்" என்றாள். "காசு கட்டினா வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க. இனி அது வீட்டுக்குள்ள வந்தா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்."

நகராட்சியில் போனை எடுத்தவள் ஷியோமி என்ற பெண்.

"பொருளோட பேரு சொல்லுங்க."

"பேரு தெரியாதுங்க."

"பேரு இல்லாம கட்டணம் சொல்ல முடியாதுங்களே. எங்ககிட்ட எல்லாம் பேர் வாரியாத்தான் இருக்கு."

"எப்படி இருக்கும்னு சொல்லட்டுமா? ரெண்டு குழாய் இருக்கு. முதுகுல ஒரு கை இருக்கு. நாக்கு ஒண்ணு இருந்துச்சு, நான்தான் அறுத்தேன்."

மறுமுனையில் பட்டியலைப் புரட்டும் சத்தம் நின்றது.

"உயிருள்ளது எங்க பிரிவுல வராதுங்க" என்றாள் ஷியோமி மெதுவாக.

அவர் மறுபடி முதலிலிருந்து விளக்கினார். அவள் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். கை எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது? குழாய்க்கு அடி இருக்கிறதா, திறந்திருக்கிறதா? தட்டினால் என்ன சத்தம் வருகிறது? குசுமி போனை நீட்டிப் பிடித்துத் தட்டிக் காட்டினார். ஒன்றும் பிடிபடவில்லை. "பேரு தெரிஞ்சா கண்டிப்பா சொல்லுங்க" என்று அவள் போனை வைத்தாள்.

அன்றிலிருந்து குசுமியின் கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள். விலாங்கு மீன் கடைக்காரர் அது மீன் வாட்டும் பழைய அடுப்பின் கால் என்று அடித்துச் சொன்னார். பல் வைத்தியர் வந்து, தன் தொழிலில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று உறுதி கூறிவிட்டு, அப்படியானால் முடிதிருத்துகிறவருடைய நாற்காலியாக இருக்கும் என்றார். முடிதிருத்துகிறவருக்குக் கோபம் வந்துவிட்டது. குசுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு அதன் ஒவ்வொரு ஆணியையும் ஆராய்ந்தார். எழுதி வைத்தது ஏதும் கிடைக்கவில்லை. அதைத் தூக்கிப் போட வேண்டும் என்பதைவிட, அது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இப்போது அவரை அரித்தது. சோறு உண்ணும்போது கூட அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் ஷியோமியே கூப்பிட்டாள்.

"சும்மாதான் கேட்டேன். தெரிஞ்சுதா?"

"இல்லீங்க."

"எனக்கும் மனசே ஆறல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பாருங்க, எங்க பட்டியல்ல 'குடைத்தாங்கி'ன்னு ஒண்ணு இருக்கு. குழாய்தானே உங்களுது? நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லாதீங்க."

குசுமி குடைத்தாங்கிக்கான கட்டண வில்லையை இருபத்துநாலு மணி நேரக் கடையில் வாங்கி ஒட்டினார். வண்டி வருவதற்கு இன்னும் பல நாள் இருந்தது. வீட்டில் வைக்க இடமில்லை என்பதால் மேடையின் ஓரத்திலேயே நிறுத்தினார். யாராவது பார்த்தால் குடைத்தாங்கி என்று நம்ப வேண்டுமே என்று தன் பழைய குடை ஒன்றையும் பெரிய குழாயில் செருகி வைத்தார்.

அதோடு மழைக்காலம் பிடித்துக்கொண்டது.

நனைந்துகொண்டு வந்த யாரோ அந்தக் குடையை எடுத்துப் போனார்கள். மறுநாள் அது திரும்பி வந்தது, துணைக்கு இன்னொரு குடையையும் கூட்டிக்கொண்டு. விலாங்கு மீன் கடைக்காரர் ஒன்று வைத்தார். பல் வைத்தியரும் முடிதிருத்துகிறவரும் போட்டி போட்டுக்கொண்டு ஆளுக்கொன்று வைத்தார்கள். திருமதி வகுயி ஒருநாள் குழாய்களுக்குப் பச்சை வர்ணமே அடித்துவிட்டார்.

"நல்ல யோசனை, குசுமி சான்" என்றார். "இத்தனை வருஷத்துல இந்த மேடைக்கு யாரும் இப்படி ஒரு வசதி பண்ணினதில்ல."

குசுமிக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. திருமதி வகுயி என்றைக்கும் அவரை இப்படிப் பாராட்டியதில்லை.

பெரிய சாமான் வண்டி வந்த காலையில் தூறிக்கொண்டிருந்தது. இகராஷிதான் இறங்கினான். ஓட்டுநர் இடத்தில் நரைத்த தலை ஒன்று தெரிந்தது.

"ஒரு குடைத்தாங்கி" என்று இகராஷி காகிதத்தைப் பார்த்தான். "ஆனா இதுல அஞ்சு குடை இருக்கே. குடைங்க கணக்கு வேற."

"குடையை எடுத்துடறேன் தம்பி, தாங்கியை மட்டும்..."

"என்னது!" எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. "எங்க குடைத்தாங்கியைக் குப்பையில போடறதா? யாரைக் கேட்டு?"

விலாங்கு மீன் கடைக்காரர் அடுப்பு விசிறும் விசிறியோடு வந்தார். பல் வைத்தியர் வாய்மூடியோடு வந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"வர்ணம் அடிச்சது நான்!"

"வில்லை ஒட்டியாச்சுன்னா எடுத்தே ஆகணும்" என்றான் இகராஷி. "எடுக்கலேன்னா அதுக்கு ஒரு சீட்டு ஒட்டணும்."

"ஐயோ, சீட்டு மட்டும் வேணாம்!" என்றார் குசுமி.

அந்த நேரம் பார்த்து நகராட்சியின் சின்னக் கார் ஒன்று வந்து நின்றது. மேடையை மூடலாமா வேண்டாமா என்று பார்த்துவர அனுப்பப்பட்ட ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவள் மேடையைப் பார்க்கவில்லை. நேராகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பச்சைக் குழாய்களுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"ஓ! இதுதானா அது!"

"ஷியோமி சானா நீங்க?" என்றார் குசுமி.

"ஆமாங்க. நான் நினைச்சதைவிடக் குட்டையா இருக்கு." வளைந்த கையைத் தொட்டுப் பார்த்தாள். "இது குடைத்தாங்கி இல்லீங்களே."

"அப்ப என்னங்க?" என்று திருமதி வகுயி, இகராஷி, பல் வைத்தியர் எல்லோரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

ஷியோமி உதட்டைப் பிதுக்கினாள்.

என்ன இவ்வளவு நேரம் என்று நரைத்தலை ஓட்டுநர் அலுத்துக்கொண்டே இறங்கி வந்தார். குனிந்து பார்த்தார். வளைந்த கையைப் பிடித்துத் தூக்கி, குப்பை வண்டியின் பக்கவாட்டில் காலியாக இருந்த ஒரு கொக்கியில் மாட்டினார். அது 'கிளிக்' என்று போய் உட்கார்ந்தது.

"டேய் இகராஷி, இந்த வண்டியில துடைப்பமும் மண்வெட்டியும் செருகற தாங்கிடா இது, இங்கதான் கழண்டு விழுந்திருக்கு, எவனோ திருடிட்டான்னு நான் போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு அலைஞ்சுக்கிட்டிருக்கேன், நீ என்னடான்னா அதுக்குச் சீட்டு மேல சீட்டா ஒட்டிட்டு வந்திருக்கே!"