தண்ணீர் கலக்காமல் குடிக்கவும்

வெங்காயம் மறுபடியும் காலை வாரிவிட்டது.

மருந்துக் கம்பெனியின் பரிசோதனை அறையில், நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்தவர் முதுகைப் பிடித்துக்கொண்டார். அவரை எல்லோரும் 'வெங்காய சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். மூலிகைச் சாறு நிரப்பிய கண்ணாடிக் குவளையின் வாயில் ஒரு வெங்காயத்தை உட்கார வைப்பார். வேர் சாற்றுக்குள் இறங்கி வளரும். வேர்நுனியை நறுக்கிப் பார்த்தால் செல்லுக்குள் மரபணு இழைகள் உடைகின்றனவா என்று தெரிந்துவிடும். உடைந்தால் அந்த மருந்தை மனிதர் வாயில் ஊற்றக் கூடாது.

கம்பெனியின் புது டானிக்கில் இங்கொன்றும் அங்கொன்றுமாக உடைந்திருந்தது.

"காலங்காலமா குடிக்கிற மூலிகை சார். இதுல என்ன கெடுதல் வந்துடப் போகுது?" என்ற மேனேஜர், இழுப்பறையைத் திறந்து ஒரு சாவியைக் காட்டினார். கம்பெனி வளாகத்துக்குள் இருக்கும் வீட்டின் சாவி. "சுத்தமா ஒரு ரிப்போர்ட் கொடுங்க. இதை எடுத்துக்கிட்டுப் போங்க."

வெங்காய சாரின் உயிர் அந்தச் சாவியில்தான் இருந்தது. மனைவிக்கு ஏழாம் மாதம். தெருக்குழாயிலிருந்து மூன்றாவது மாடிக்குக் குடம் தூக்குகிறாள். இவர் ஆபீசில் இருக்கும்போதுதான் அந்தக் குழாய்க்கும் தண்ணீர் வரத் தோன்றும்.

"நகை நட்டெல்லாம் வேணாங்க. குழாயைத் திறந்தா தண்ணி வரணும். அது போதும் எனக்கு" என்றாள்.

'எப்படியும் தண்ணி கலந்துதானே குடிக்கப் போறாங்க' என்று மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லி, டானிக்கில் பாதிக்குப் பாதி லேப் குழாய்த் தண்ணீரைக் கலந்தார். உடைசல் கூடியது.

இன்னும் கலந்தார். இன்னும் கூடியது. கடைசியில் குவளையில் டானிக்கின் வாசனை மட்டும் மிச்சமிருந்தது. வேர் கறுத்துப் போயிருந்தது.

"மருந்தே இல்லாத மருந்து எப்படிய்யா விஷமாகும்?" என்றார் மேனேஜர்.

"அதான் சார் எனக்கும் புரியல. வெறும் தண்ணியில ஒரு வெங்காயம் வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"வைக்க வேண்டியதுதானே?"

"நீங்கதான் சார் நிறுத்தச் சொன்னீங்க. தண்ணியில என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறீங்க, வெங்காயம் தண்டம்னு."

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, வைங்க."

வைத்தார். எல்லாவற்றையும்விட மோசமாக உடைந்தது வெறும் தண்ணீர் வெங்காயம்தான். டானிக்கைப் புதிதாக, காய்ச்சி வடித்த நீரில் தயாரித்து இன்னொன்றை வைத்தார். வேர் வெள்ளை வெளேரென்று வளர்ந்தது. ஒரு இழைகூட உடையவில்லை.

பொய் எழுதாமலே சாவி. வெங்காய சார் ஏறக்குறைய ஓடினார்.

"சார், மருந்து மேல தப்பே இல்லை. குழாய்த் தண்ணிதான் குற்றவாளி."

"தண்ணி நம்ம சரக்கு இல்லையே" என்றார் மேனேஜர், பெருமூச்சு விட்டு. "இனிமே வடிச்ச நீர்லயே தயாரிச்சுடலாம். லேபிள்ல 'தண்ணீர் கலக்காமல் குடிக்கவும்'னு போட்டுட்டா முடிஞ்சுது."

தண்ணீரைப் பற்றியும் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதலாமா என்று கேட்க இவர் வாயெடுத்தார். அதற்குள் சாவி கைக்கு வந்துவிட்டது. வாய் தானாக மூடிக்கொண்டது. ஊரான் குடிக்கும் தண்ணீரைப் பற்றி இவருக்கென்ன வந்தது.

அந்த வாரமே குடிவந்தார்கள். குழாய் பொருத்த வந்தவர் கடைசித் திருகைத் திருகிவிட்டு நகர, மனைவி குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டியது. அவள் கையை நீட்டியபடி சற்று நேரம் நின்றாள். பிறகு ஒரு டம்ளர் பிடித்து அண்ணாந்து குடித்தாள். இன்னொன்றும் குடித்தாள்.

"என்ன இனிப்பா இருக்குங்க" என்று வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

வெங்காய சாருக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் உருப்படியாக ஒன்று செய்துவிட்டோம் என்று நினைத்தார்.

குழாய்க்காரர் பையைத் தோளில் மாட்டினார்.

"இனிமே தண்ணிக்குக் கவலையே இல்லைம்மா. சாரோட லேபுக்குப் போற அதே குழாயிலேருந்துதான் உங்களுக்கும் இழுத்திருக்கேன்."