மற்றப்பக்கத்தார் தேர்தலில் நின்ற கதை

எதிர்க்கட்சிக்கும் சேர்த்துப் பிரசாரம் செய்து, தேர்தலிலும் வென்ற மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவருக்கு நான் சோறு போட்டிருக்கிறேன்.

அவருக்குப் பெயர் இருந்தது. பின்லாந்துப் பெயர். எங்கள் வாய்க்குள் நிற்காது. எங்கள் கடைச் சமையலறையில், குசினியில், வைத்த பெயர் மற்றப்பக்கத்தார். எதைச் சொன்னாலும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். பிறகு, "மற்றப் பக்கமும் ஒண்டு இருக்கு" என்பார். மழை பெய்யுது என்றாலும் அதுதான் பதில். அவர் டொச்சில், ஜெர்மன் மொழியில், சொன்னதை நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து கொஞ்சக் காலம். பேர்லினில் நொய்கெல்ன். யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடை. முதலாளி அண்ணை முன்னுக்கு நிற்பார். நான் பின்னுக்கு. சமையலும் நான், கோப்பை கழுவுகிறதும் நான். மற்றப்பக்கத்தார் அதே கட்டடத்தில் மேல்மாடி. பின்லாந்துப் பத்திரிகை ஒன்றுக்கு இங்கத்தைய செய்தி எழுதுகிறவர்.

அவரைச் சந்தித்தது செத்தல் மிளகாய் வறுத்த அன்று. கறித்தூளை நாங்களே வறுத்துத்தான் அரைப்போம். கடைத்தூள் முதலாளிக்குச் சரிவராது. செத்தல் சட்டியில் விழுந்தால் கட்டடமே இருமும். அன்றும் இருமியது. சனம் சன்னலைத் திறந்தது. சிலர் தெருவுக்கு இறங்கினார்கள். இவர் மட்டும் குசினிக்குள் வந்தார். வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தார். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. எழும்பவில்லை.

"ஐயா, வெளியில போங்கோ," என்றேன்.

"ஏன்? எங்கட ஊரில இதுக்குக் காசெல்லோ குடுக்கிறனாங்கள்."

சோனாவைச் சொல்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. அந்த ஊரில் ஒரு சூட்டு அறைக்குள் உடுப்பில்லாமல் இருந்து வேர்ப்பார்களாம். இவர் உடுப்போடு வந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

அதன் பிறகு நாளும் வந்தார். நான் அதிகம் பேசமாட்டேன். அவரும் பேசமாட்டார். நல்லாய்ப் பழகினோம்.

ஒருநாள் அவருடைய பத்திரிகை, பேர்லினுக்கு ஆள் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. அன்றும் அதே சோறு, அதே கத்தரிக்காய்க் குழம்பு.

"வேலை போட்டுது," என்றார்.

"ஓம்," என்றேன்.

ஒரு அப்பளம் கூடுதலாய் வைத்தேன்.

எங்கள் தெருவில் இடதுசாரிக் கட்சிக்கு ஒரு தாடிக்காரர் இருந்தார். வாடகை கூடுது என்று கூட்டம் வைக்கிறவர். வட்டாரச் சபைத் தேர்தல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்து ஆள் என்றால் நிற்கலாமாம். எங்களுக்கு வோட்டே இல்லை. தாடிக்காரர் கடைக்குள் வந்து மற்றப்பக்கத்தாரைக் கேட்டார். இவர் சாப்பிட்டு முடியும்வரை யோசித்தார். கை கழுவிவிட்டு, "சரி," என்றார். தாடிக்காரருக்குச் சரியான சந்தோசம். பாவம்.

ரயில் நிலைய வாசலில் கட்சிகளின் மேசைகள். நான் மரக்கறி வாங்கப் போகும்போது பார்ப்பேன். ஒரு துருக்கி அம்மா வந்து, "உங்களுக்குப் போட்டால் வாடகை குறையுமோ?" என்று கேட்டா.

"தெரியாது," என்றார் மற்றப்பக்கத்தார்.

தாடிக்காரர் நோட்டீசைக் கீழே போட்டுவிட்டார்.

"குறைக்கலாம் எண்டு நாங்கள் சொல்லுறம். அது ஏலாது எண்டு அந்த மேசைக்காரர் சொல்லினம். அவையின்ர நியாயத்தையும் கேளுங்கோ. வாங்கோ."

மற்றப்பக்கத்தார் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு எதிர்க்கட்சி மேசைக்குப் போனார். அந்த வேட்பாளர் இளம் ஆள். சொல்லத் தடக்குப்பட்டார். இவர் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தார்.

தாடிக்காரர் இவரைக் கடையில் வைத்துப் பிடித்தார்.

"நீர் எங்கட ஆளோ, அவையின்ர ஆளோ?"

"உங்கட ஆள்தான்."

"அப்ப ஏன் அவையின்ர கதையைச் சொல்லுறீர்?"

"அவர் வடிவாச் சொல்லேல்லை."

சுவரொட்டிக்குப் படம் எடுத்தபோதும் சிரிக்கவில்லை. அந்தச் சுவரொட்டிக்கு முன்னால் பிள்ளைகள் சத்தம் போடாமல் போனார்கள்.

வென்றார். அந்த முறை கட்சிக்கு வாக்கு கூடியிருந்தது. ஏன் என்று தாடிக்காரருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அதன் பிறகுதான் எங்களுக்குப் பிரச்சினை வந்தது. குசினிக்கு நேர் மேலே ஒரு வயசான டொச் அம்மா. மிளகாய்ப் புகையைப் பற்றி வட்டார அலுவலகத்துக்கு, எங்கள் பேச்சில் கந்தோருக்கு, எழுதிக்கொண்டே இருந்தா. கந்தோர், குசினியைப் பூட்டவேண்டி வரும் என்றது. கூரைவரை புகைக்குழாய் போட முதலாளிக்கு வசதியில்லை. குசினி இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் விசா நீட்டமாட்டார்கள். என் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள்.

விசயம் வட்டாரச் சபைக்கு வந்தது.

"தம்பி, பயப்பிடாதை. எங்கட ஆள் உள்ளுக்கு இருக்கிறார்," என்றார் முதலாளி.

எனக்கு அதுதான் பயம்.

கூட்டத்துக்கு முதல் ஒருநாள் மற்றப்பக்கத்தார் குசினிக்கு வந்தார்.

"இப்ப வறு," என்றார்.

"ஐயா, இப்பவோ?"

"நல்லா வறு."

வறுத்தேன். அவர் மேலே போய் அந்த அம்மாவின் வீட்டில் இருந்தார். இறங்கி வரும்போது கண் இரண்டும் கோவைப்பழம்.

"பொல்லாதது," என்றார்.

"நீங்கள் கீழ இருந்தனீங்கள்தானே?"

"நான் விரும்பியெல்லோ இருந்தனான்," என்றார். போய்விட்டார்.

கூட்டத்தில் முதலாளியும் நானும் பின்வரிசை. அந்த அம்மா முன்வரிசை. மற்றப்பக்கத்தார் எழும்பினார். அந்த அம்மாவின் பக்கத்தைச் சொன்னார். அவ எப்படி இருமுகிறா, எப்படித் துணி மணக்கிறது, எப்படிச் சன்னலைத் திறக்கவும் ஏலாது பூட்டவும் ஏலாது என்று சொன்னார். வடிவாய்ச் சொன்னார். அந்த அம்மா கண்ணைத் துடைத்தா. எனக்கே அந்தக் குசினியைப் பூட்டவேணும் போல் இருந்தது.

"எங்கட சோத்தைத் திண்டுபோட்டுக் கதைக்கிற கதையைப் பார்," என்றார் முதலாளி.

"மற்றப் பக்கம் வரும், அண்ணை."

"இனி, மற்றப் பக்கம்..." என்று மற்றப்பக்கத்தார் தொடங்கினார்.

சபைத் தலைவி மணியடித்தா. நேரம் முடிந்துவிட்டது. சட்டம் சட்டம்தானே. மற்றப்பக்கத்தார் தலையாட்டிவிட்டு இருந்துவிட்டார்.

முதலாளி என் முதுகில் ஒரு குத்து. "எழும்பு. நீ சொல்லு."

எழும்பினேன். "நான்தான் வறுக்கிறது. அந்த அம்மாவில கோபம் இல்லை. குசினி போனால் வேலை போகும். வேலை போனால் விசா போகும். பிள்ளையள் இருக்கினம்." அதற்கு மேல் டொச் வரவில்லை. இருந்துவிட்டேன்.

மற்றப்பக்கத்தார் கையைத் தூக்கினார்.

"உங்கட நேரம் முடிஞ்சுது," என்றா தலைவி.

"பேச இல்லை. ஒரு கேள்வி." அந்த அம்மாவிடம் திரும்பினார். "நீங்கள் எந்த நாளில வீட்டில இருக்கிறேல்லை?"

"செவ்வாய்," என்றா அவ. "மகளிட்டைப் போறனான். பின்னேரம்தான் வருவன்."

"நீர் எத்தினை நாள் வறுக்கிறனீர்?"

"கிழமையில ஒருநாள்," என்றேன்.

சபை செவ்வாய் என்று முடிவு செய்தது. குசினி பூட்டவில்லை. விசா நீட்டினார்கள்.

வெளியில் வைத்து முதலாளி கேட்டார். "ஐயா, அந்தக் கேள்வியை அண்டைக்கு மேல போன நேரமே கேட்டிருக்கலாமே?"

"அண்டைக்கு எனக்கு ஒரே இருமல்."

சில வருசத்தில் மற்றப்பக்கத்தார் பின்லாந்துக்குப் போனார். அங்கத்தைய பாராளுமன்றத் தேர்தலில் நிற்கக் கேட்டிருந்தார்கள். கடைக்கு வந்து சொன்னார். நான் கையைத் துடைத்துவிட்டுக் கொடுத்தேன். அவர் கனநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளிதான் அழுதார்.

அங்கே தேர்தல் நடக்கும் கிழமை, முதலாளி என்னையும் கூட்டிக்கொண்டு முருகன் கோயிலுக்குப் போனார். அவர் வெல்லவேணும் என்று அருச்சனை. ஐயர் பெயர் கேட்டார். சொல்ல ஏலாமல் மூன்று விதமாய்ச் சொல்லிப் பார்த்தோம். நட்சத்திரம் கேட்டார். முதலாளி தன்னுடையதைக் கொடுத்தார்.

வென்றால் அவர் அங்கேயே இருந்துவிடுவார். தோற்றால் ஒருவேளை திரும்பி வருவார். முதலாளி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். அவருக்குத் தெரியாமல், வேறு மாதிரி.